அட்ஜுதான் வீட்டு நான்கு ஸ்பீக்கர்கள்

அட்ஜுதான் மத்தியோவுக்கு மகள் விர்ஜினியிடமிருந்து போன் வந்தது. இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பிரான்சிலிருந்து போன் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது அவர் மனைவி பொலெத்துக்கு வரும் போன். அந்த அரை மணி நேரமும் மத்தியோ எதிரில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டிருப்பார்; ஒரு பக்கம்கூடத் திரும்பாது. பேசி முடித்ததும் "யாரு?" என்பார். பொலெத்தும் சளைக்காமல் "உங்க பொண்ணுதான்" என்பாள். "ம்" என்பார். 2006 மே மாதம் கடைசி ஞாயிறன்று பொலெத் ரிசீவரை அவரிடமே நீட்டினாள். "உங்ககிட்டப் பேசணுமாம்."

அந்த ஆறு வருஷக் கோபத்துக்குக் காரணம் முதலியார்பேட்டையில் நாலு தெருவுக்குத் தெரியும். மத்தியோ பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து, அட்ஜுதான் என்கிற பதவியோடு ஓய்வு பெற்றவர். அவருக்குக் கீழே வெறும் கப்ராலாக இருந்து ஓய்வு பெற்றவர் ஜூஸ்தின். விர்ஜினி போயும் போயும் அந்த ஜூஸ்தினின் மகன் ஜெரெமியைக் கட்டிக்கொண்டாள். பையன் நல்லவன், நல்ல வேலை, ஒரே கோவில், ஒரே குடியுரிமை. குறை சொல்ல ஒன்றும் அகப்படாததால் மத்தியோவின் கோபம் இரட்டிப்பானது. பென்ஷன் வாங்க ஆரம்பித்து எத்தனையோ வருஷமாகியும் மனுஷன் பதவியை விட்டு இறங்கவில்லை. கப்ரால் வீட்டில் சம்பந்தமா என்று குதித்தார். கல்யாணம் பிரான்சில் நடந்தது. அவர் போகவில்லை.

"பப்பா, நாங்க அங்க வரலாம்னு இருக்கோம். எப்பன்னு இன்னும் சரியா முடிவு பண்ணல," என்றாள் விர்ஜினி.

மத்தியோ செய்தித்தாளை மடித்து வைத்தார். "ம்" என்றார்.

"எங்க தங்கறதுன்னும் பாக்கணும்."

அதற்கும் "ம்" தான்.

"நாங்க குடுத்தனுப்பின ஸ்பீக்கர் ரெண்டும் எப்பிடி இருக்கு? அந்த நீட்டு தெராசுக்கு ரெண்டு பத்தாதுன்னு ஜெரெமி சொல்றாரு. இன்னும் ரெண்டு எடுத்துட்டு வர்றோம். இருக்கறதோட சேரணும்ல, பின்னாடி ஒரு நம்பர் இருக்கும், பாத்துச் சொல்லுங்க."

தெராஸ் என்று அந்த வீட்டில் சொல்வது கொல்லைப்புறத்தை. பிரான்சில் பார்த்ததை ஞாபகம் வைத்துக்கொண்டு சிவப்பு ஓடு பதித்து, பெரிய குடை நட்டு, மேசை நாற்காலி போட்டு மத்தியோ கட்டிய இடம். பன்னிரண்டு அடி அகலம், நாற்பது அடி நீளம். அங்கே மாட்டுவதற்கென்று, வெயில் மழை தாங்கும் ஸ்பீக்கர் ஒரு ஜோடியை விர்ஜினி மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு வந்தவர்களிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். வெள்ளை நிறம், ஒரு முழ உயரம். பாட்டுக் கேட்க அனுப்பியதல்ல, சமாதானத்துக்கு அனுப்பியது என்று யாருக்கும் புரியும். மத்தியோவுக்கும் புரிந்தது. புரிந்ததால்தான் மறுநாளே அட்டைப்பெட்டியைப் பிரித்து, இரண்டையும் தெருக்கோடி அந்தோணியார் கோவிலுக்குக் கொடுத்துவிட்டார்.

"எதுக்கு நீ தூக்கிட்டு வர்ற, வெயிட்டு," என்றார் போனில். "இருக்கறதுக்குச் சேர்ற மாதிரி நானே இங்க ரெண்டு வாங்கி மாட்டிடறேன்."

விர்ஜினி விடவில்லை. "நான் அனுப்பினது ரெண்டும் அங்கதான இருக்கு பப்பா?"

"வேற எங்க போவும்?"

"சரி," என்று விர்ஜினி போனை வைத்துவிட்டாள்.

பொலெத் இடுப்பில் கைவைத்து நின்றாள். "அவ வந்து பாக்கும்போது செவுத்துல ஆணிகூட இருக்காது. என்ன பண்ணப் போறீங்க?"

என்ன பண்ணுவது? மகள் அனுப்பியதை ஒரு நாள்கூட வீட்டில் வைக்காமல் விரட்டிவிட்டார் என்று தெரிந்தால், அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே கப்ரால் வீட்டுக்குப் போய்விடுவாள். நாலு வயதுப் பேத்தி மெரினை மத்தியோ போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். அந்தக் குழந்தையும் கப்ரால் வீட்டு வாசலில்தான் விளையாடும்.

"கோவில்ல போய்க் கேளுங்க. வேற ஜோடி வாங்கிக் குடுத்துட்டு நம்மளத எடுத்துட்டு வாங்க," என்றாள் பொலெத்.

நல்ல யோசனைதான். ஆனால் கோவில் கமிட்டிக்குச் செயலாளர் யார்? ஜூஸ்தின். அவரிடம் போய்க் கைகட்டி நின்று கேட்பதைவிட மத்தியோ ராணுவத்துக்கே திரும்பிப் போவார். இன்னொரு சிக்கலும் இருந்தது. கொடுத்த நாளிலேயே ஸ்பீக்கர் இரண்டின் முகத்திலும் "உபயம்: அட்ஜுதான் மத்தியோ குடும்பத்தார்" என்று நீல எனாமல் பெயிண்டில் எழுத வைத்திருந்தார். பக்கவாட்டில் எழுதுகிறேன் என்ற பெயிண்டரை, பக்கத்தில் எழுதினால் யார் கண்ணில் படும் என்று அதட்டி, முன்பக்க வலை மேலேயே கொட்டை கொட்டையாக எழுதச் சொன்னவர் அவர்தான்.

மறுநாள் காலை பழைய அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு தட்டாஞ்சாவடிக்குப் போனார். அந்தப் பெட்டியில் பொலெத் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளைப் போட்டு வைத்திருந்ததால் அது தப்பித்திருந்தது. தட்டாஞ்சாவடியில் சகாயநாதன் என்பவர் ஸ்பீக்கர் பெட்டி செய்யும் பட்டறை வைத்திருந்தார். திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுவதும் அவர்தான். நிதானமான ஆள், ஒரு கேள்வி கேட்டால் மரத்தூளைத் தட்டிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

அட்டைப்பெட்டிப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "பொட்டி செஞ்சிடலாம் முசியே. வெள்ள அடிச்சிட்டா வித்தியாசம் தெரியாது. சத்தம்தான் தகராறு புடிச்சது. இது எட்டு ஓம், அறுவது வாட்னு போட்டிருக்கு. புதுசா சேக்கற ரெண்டும் அதே இருக்கணும், இல்லன்னா ஒண்ணு கத்தும், ஒண்ணு முனகும். உங்ககிட்ட இருக்கற ரெண்டும் எப்பிடிக் கேக்குது?"

"ரெண்டு இல்ல. நாலும் நீதான் செய்யணும்," என்றார் மத்தியோ. பிறகு விஷயத்தைச் சொன்னார். டாக்டரிடமும் ஸ்பீக்கர் செய்பவரிடமும் பொய் சொல்லி என்ன பிரயோசனம்.

சகாயநாதன் கண்ணாடியைத் துடைத்தார். "சரி. அந்தக் கோவில் ஸ்பீக்கர் எப்பிடிக் கேக்கும்?"

மத்தியோ விழித்தார். அது எப்படிக் கேட்கும் என்று அவருக்குத் தெரியாது. வீட்டில் இருந்த ஒரு நாளும் அதை மாட்டவில்லை; ஜூஸ்தின் இருக்கும் கோவில் என்பதால், ஆள் மூலம் கொடுத்தனுப்பியதோடு சரி, அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. பூசைக்குப் பெரிய கோவிலுக்குப் போய்விடுவார்.

"எனக்கு சாயந்தரத்துல வேல இருக்கு. நீங்களே போய்க் கேட்டுட்டு வந்து சொல்லுங்க, அதே மாதிரி வர்ற வரைக்கும் மாத்திக் குடுக்கறேன்," என்றார் சகாயநாதன்.

அப்படியாக, ஜூன் மாதம் முதல் வாரம் ஒரு நாள் சாயந்தரம் ஆறு மணிக்கு, அட்ஜுதான் மத்தியோ சலவைச் சட்டையோடு அந்தோணியார் கோவில் வாசலில் வந்து நின்றார். செபமாலை வெளிமுற்றத்தில்தான் நடக்கும். இரண்டு பக்கச் சுவரிலும் அவர் பெயரைச் சுமந்துகொண்டு ஸ்பீக்கர்கள் தொங்கின. இடதுபக்க ஸ்பீக்கருக்கு நேர் கீழே மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மைக்கில் செபம் சொன்னவர் ஜூஸ்தின். மத்தியோவைப் பார்த்த அதிர்ச்சியில் கணக்குத் தவறி, பத்து சொல்ல வேண்டிய இடத்தில் பதினோரு அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் போனார். ஆறு வருஷமாக யார் குரல் காதில் விழுந்தாலும் எழுந்து போனாரோ, அதே குரலை ஓர் எழுத்து விடாமல் கேட்டார். பையில் குறிப்பேடு. "'ச' வரும்போது சீறல் இல்லை", "குரல் மூக்கடைத்த மாதிரி வருகிறது", "தூக்கிச் சொல்லும்போது மங்குகிறது" என்று எழுதிக்கொள்வார். பக்கத்துப் பெஞ்சு மணியம்மாள், மனுஷன் செபத்தையே எழுதி எடுத்துக்கொண்டு போகிறார் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். இரண்டாவது வாரம் பொலெத்தின் சின்ன டேப்ரிக்கார்டரைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய், ஜூஸ்தினின் செபமாலையைக் கேசட்டின் ஒரு பக்கம் முழுக்கப் பதிவு செய்துவிட்டார். அதே குரலை வைத்துத்தான் புது ஸ்பீக்கரைச் சோதிக்க வேண்டும் என்று சகாயநாதன் சொல்லியிருந்தார்.

இதனால் ஜூன் மாதக் காலைகளில் அட்ஜுதான் வீட்டுத் தெராசில் கப்ரால் ஜூஸ்தினின் குரல் கணீரென்று கேட்டது. ஆணி அடித்து மாட்டுவதும், கேட்பதும், கழற்றித் தட்டாஞ்சாவடிக்கு எடுத்துப் போவதுமாக மத்தியோ அலைந்தார். உள்ளே மீன் அலசிக்கொண்டிருக்கும் பொலெத், சம்பந்தி குரல் கொல்லையிலிருந்து மன்றாட்டைச் சொல்லச் சொல்ல, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லிக்கொண்டே வேலையைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"எல்லாம் சரி, ஆனா ரொம்பத் தெளிவா இருக்கு," என்றார் மத்தியோ சகாயநாதனிடம். "கோவில்ல இருக்கறது இவ்ளோ தெளிவு இல்ல."

சகாயநாதன் உள்ளிருக்கும் காகிதத் தட்டை மாற்றினார். பஞ்சு அடைத்தார். பஞ்சை எடுத்தார். ஒன்றும் ஒத்துவரவில்லை. கடைசியில் ஒரு நாள் வேலையைப் போட்டுவிட்டுத் தானே கோவிலுக்குப் போய், ஸ்பீக்கருக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். மறுநாள் பட்டறைக்கு வந்த மத்தியோவிடம், சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்.

"முசியே, உங்க பேருதான் சத்தத்த அடைச்சிகிட்டு நிக்குது. வல ஓட்டையெல்லாம் எனாமல் பெயிண்டு. அவ்ளோ பெருசா எழுதினா குரல் எந்த வழியா வெளிய வரும்? அது புதுசுல இப்பிடிக் கேட்டிருக்காது. நான் இப்ப செஞ்சது இருக்கே, அதுதான் ஒரிஜினலுக்குக் கிட்ட."

நியாயமாகப் பார்த்தால் வேலை அங்கே முடிந்தது. மத்தியோ அதைக் கேட்கிற ஆளா? அதே மாதிரி வேண்டும் என்று ஆரம்பித்த காரியம். அதே மாதிரிதான் முடிய வேண்டும். விர்ஜினி அதைக் கடையில் புதுசாகக் கேட்டுத்தானே வாங்கியிருப்பாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. "நான் கேட்டது அதே மாதிரி," என்றார், படையில் உத்தரவு போடும் குரலில். சகாயநாதன் நாலு ஸ்பீக்கரின் வலைக்கும் வெள்ளை எனாமலைப் பட்டையாக அடித்தார். தன் கையால் செய்த நல்ல சாமானைத் தானே பாழாக்கிய வருத்தத்தில் அன்றைக்கு மதியம் அவர் சாப்பிடவில்லை. ஆனால் சோதித்துப் பார்த்தபோது ஜூஸ்தினின் குரல் மூக்கடைத்து, மங்கி, அச்சு அசல் கோவிலில் கேட்பது போலவே வந்தது. மத்தியோவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

ஜூலைக் கடைசியில் விர்ஜினி போன் செய்தாள். "ஆகஸ்ட் அஞ்சாம் தேதி வர்றோம் பப்பா. மூணு வாரம். உங்க வீட்டுலதான் தங்கறோம். மாமாவே அப்பிடித்தான் சொல்லிட்டாரு."

போனை வைத்துவிட்டு மத்தியோ தெராசுக்குப் போய், முன்னால் இரண்டு பின்னால் இரண்டாகத் தொங்கிய ஸ்பீக்கர்களை நன்றியோடு பார்த்தார். கப்ரால் எதற்காக விட்டுக்கொடுத்தான் என்று யோசிக்கவில்லை. பதவிக்கு மரியாதை கொடுத்திருப்பான் என்று முடிவு கட்டினார். வேலை முடிந்துவிட்டதால் ஆகஸ்ட் பிறந்ததும் கோவிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார்.

வந்தார்கள். மெரின் முதல் நாள் தாத்தாவைக் கண்டு ஒளிந்தாள், இரண்டாம் நாள் அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டாள், மூன்றாம் நாள் அவர் மடியை விட்டு இறங்கவில்லை. மத்தியோ சாப்பாட்டையே மறந்தார். ஜெரெமி தெராசில் ஒரு ஸ்பீக்கருக்குக் கிட்டே போய், வலையை விரலால் தடவிப் பார்த்து, "நல்லா இருக்கு மாமா" என்றதோடு கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். "நாலும் ஒரே மாதிரி கேக்குது பப்பா" என்றாள் விர்ஜினி. "ஓம் எல்லாம் பாத்துச் சேத்தது," என்றார் மத்தியோ பெருமையாக.

ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாள். சம்பந்தியைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்று பொலெத் ஒற்றைக் காலில் நின்றாள். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுக்க முடியவில்லை. பன்னிரண்டு மணிக்கு வரச் சொன்னதற்கு ஜூஸ்தின் பதினொன்றே முக்காலுக்கே வந்து, மத்தியோ வெளியே வரும்வரை தெராசில் நின்றுகொண்டே இருந்தார்.

"உக்காரு, கப்ரால்."

"உய், மோன் அட்ஜுதான்," என்று படையில் மேலதிகாரிக்குப் பதில் சொல்லும் பழக்கத்தில் சொல்லிவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

சாப்பாடு பாதியில் இருக்கும்போது ஜூஸ்தின் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ரெண்டு வாரமா கோவில் பக்கம் காணோமே. உடம்புக்கு எதனா முடியலயா?"

"வீட்டுல ஆள் வந்திருக்காங்கல்ல," என்று மத்தியோ முனகினார்.

"ஜூன், ஜூலை ரெண்டு மாசமும் ஒரு நாள் விடாம வந்தீங்க. மூணாவது பெஞ்சுல நீங்க உக்காந்தாத்தான் எனக்கு வாயே வரும். உங்களுக்காக மொளகு மென்னுட்டுத்தான் மைக்குகிட்டப் போவேன்." ஜூஸ்தின் மகன் பக்கம் திரும்பினார். "ஆறு வருஷமா மொகம் குடுக்காத மனுஷன்டா. நான் சொல்ற செபத்தக் கண்ண மூடிக் கேக்கறாரு, எழுதிக்கறாரு. மொத நாளு வீட்டுக்குப் போய் அழுதுட்டேன். அதனாலதான் உங்கள இங்க போய்த் தங்குங்கன்னேன். அவரு அவ்ளோ எறங்கி வந்தப்புறம் நான் பேத்திய வெச்சுகிட்டா நல்லாவா இருக்கும்?"

மத்தியோவின் கை சோற்றிலேயே நின்றது. வெட்கத்தில் காது வரை சூடேறியது. மகளைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தது நாலு ஸ்பீக்கர் என்று நம்பியிருந்தார். கொண்டுவந்தது இந்த மனுஷனின் அழுகை. அதுவும் ஏமாந்து அழுத அழுகை.

பேச்சை மாற்றுகிறவர் போல ஜூஸ்தின் தலையைச் சாய்த்துக் காதுகொடுத்தார். ஸ்பீக்கர்களில் ஏதோ பிரெஞ்சுப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "பாட்டு நல்லாக் கேக்குது. நம்ம கோவில்ல கேக்கற மாதிரியே இருக்கு," என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஜெரெமி தட்டைப் பார்த்தான். பொலெத் மோர் எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

இனி மென்று விழுங்கி என்ன ஆகப்போகிறது? "கோவில்ல இருக்கறதுதான் நீ அனுப்பினது," என்றார் மத்தியோ மகளிடம். "வந்த மறுநாளே குடுத்துட்டேன். இது நாலும் தட்டாஞ்சாவடியில செஞ்சது."

விர்ஜினி குழந்தைக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "தெரியும் பப்பா. மூணு வருஷமா தெரியும். 'உன் பேருல உங்கப்பா கோவிலுக்கு நல்லது செஞ்சாரு'ன்னு மாமா அப்பவே போட்டோ அனுப்பினாரு. உங்க பேருதான் பெருசா இருந்துது."

"பின்ன ஏன் நம்பரக் கேட்ட?"

"குடுத்துட்டேன்னு உங்க வாயால சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஜூன் மாசம் பூரா லீவு போட்டு வெச்சிருந்தேன். சொல்லியிருந்தா அடுத்த வாரமே வந்திருப்பேன். இல்லாதத இருக்குன்னு சொன்னீங்களா, எனக்கு மனசு விட்டுப்போச்சு. லீவ ரத்து பண்ணிட்டேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் மத்தியோவும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பார். ஜூன் மாதம் முழுக்க இந்தக் குழந்தை இந்த மடியில் இருந்திருக்கும். அந்த மாதம் முழுக்க அவர் ஒரு ஸ்பீக்கருக்கு மூக்கடைப்பு போதுமா போதாதா என்று பார்த்துக்கொண்டு திரிந்தார். இன்னும் பத்து நாளில் இவர்கள் கிளம்பிவிடுவார்கள். அடுத்து எப்போது வருவார்களோ. அவருக்கு எல்லார் எதிரிலும் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

அந்தக் கண்ணீரைப் பார்த்த ஜூஸ்தின் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். "விடுங்க. ஸ்பீக்கர் கெடக்குது. எனக்குன்னு தினம் வந்து உக்காந்தீங்களே, அது பொய்யா? இன்னிக்கி சாயந்தரம் வருவீங்கல்ல?"

மத்தியோ வாயைத் திறந்தார். மிச்சமிருந்த உண்மையும் நாக்கு நுனிவரை வந்தது. எதிரில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து காத்திருந்த ஜூஸ்தினின் முகத்தைப் பார்த்தார்.

"வர்றேன்," என்றார்.